சீப் ஏர்கன் ரெகுலேட்டர் டெஸ்டர் வாங்கலாமா? டர்பன்ல இருந்து ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், டெஸ்டரோட பாடிக்கு, அதாவது பிளாக்குக்குக் கொடுத்த காசு வொர்த், அதுல மாட்டி வந்த ப்ரஷர் காட்டற கேஜுக்குக் கொடுத்தது வேஸ்ட். ரெண்டையும் பிரிச்சு விக்க மாட்டேங்கறான், அதான் பிரச்சன.

எதப் பத்திப் பேசறேன்னா, பிசிபி ஏர்கன்னோட (டேங்க்ல முன்னாடியே அமுக்கி வச்ச காத்துல சுடற கன்) ரெகுலேட்டர வெளிய எடுத்து வச்சு, அது எத்தன பார்ல (ப்ரஷர் அளவு) நிக்குதுன்னு கன்ல போடறதுக்கு முன்னாடியே பாத்துக்கற டெஸ்டர். ஒரு பக்கம் காத்து ஏத்தற நிப்பிள், நடுவுல ரெகுலேட்டர் உக்கார்ற குழி, அந்தப் பக்கம் கேஜ், காத்த வெளிய விட ஒரு சின்ன ப்ளீட் ஸ்க்ரூ, அவ்ளோதான் சாமான். கம்பெனி பேர்கூட இல்லாத சீனா அயிட்டம். ஆன்லைன்ல ஆர்டர் போட்டு டியூட்டி ஷிப்பிங் எல்லாம் சேத்து ஆயிரம் ராண்டுக்குள்ள முடிஞ்சுது. ஐரோப்பால பேர் போன ரெகுலேட்டர் செய்யறவங்களோட டெஸ்டரும் கெடைக்கும், ஆனா அந்த யூரோவ ராண்டுல மாத்திப் பாத்தீங்கன்னா பேஜ க்ளோஸ் பண்ணிட்டுப் போயிடுவீங்க.

இங்க சவுத் ஆஃப்ரிக்கால 177 ஏர்கன்னுக்கு (0.177 இஞ்ச் குண்டு போடறது) லைசென்ஸ் வேணாம்ங்கறதால நம்ம ஆளுங்க நெறைய பேர் பிசிபி பக்கம் வந்துட்டாங்க. ஒண்ணு சொல்லிக்கறேன், சாட்ஸ்வர்த் பக்கம் கூரை மேல குரங்கு தொல்ல, அத வெரட்ட எந்தக் கன் நல்லதுன்னு கேக்கறவங்களுக்கு இது இல்ல, தயவுசெஞ்சு குரங்க சுடாதீங்க. வீடு நெருக்கமா இருக்கற எடத்துல சுடறதே தப்பு. நான் டோங்காட் பக்கம் தெரிஞ்சவரோட கரும்புத் தோட்டத்துல, பின்னால மண்மேடு இருக்கற எடத்துல, பேப்பரும் டின்னும் வச்சுத்தான் சுடறேன்.

சரி ரெகுலேட்டர் என்ன பண்ணுதுன்னு தெரியாதவங்களுக்கு. டேங்க்ல 200 பார் இருக்கும், சுடச் சுட அது கொறஞ்சுட்டே வரும், வால்வுக்கு 200 வரும்போது ஒரு ஸ்பீடு 120 வரும்போது ஒரு ஸ்பீடுன்னு பெல்லட் (ஏர்கன் குண்டு) ஓடும். நடுவுல ரெகுலேட்டர் உக்காந்து டேங்க்ல எவ்ளோ இருந்தாலும் வால்வுக்கு 110 தான் போகும்னு நிறுத்தி வைக்கும். நம்ம ஊர் மாடித் தொட்டில மிதவை வால்வு தண்ணி ஏறினதும் அடைச்சுக்குதே, அதே வேலைதான். உள்ள ஒரு பிஸ்டன், அதுக்கு எதிரா லேசா குழிஞ்ச ஸ்பிரிங் வாஷர் வரிசையா அடுக்கி இருக்கும். வால்வு பக்கத்துக் காத்து ஏற ஏற பிஸ்டன வாஷர் மேல அமுக்கும், ஒரு அளவு வந்ததும் பிஸ்டன் முனை சீட்ல போய் அடைச்சுக்கும். அந்த சீட் இருக்கற ஸ்க்ரூவத் திருப்பறதுதான் அட்ஜஸ்ட்மென்ட், வேற மாயமந்திரம் ஒண்ணும் இல்ல.

இப்ப காசு விஷயம். டெஸ்டர் வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட க்ரோனோகிராஃப், அதாவது குண்டோட ஸ்பீட அளக்கற மெஷின் இருக்கான்னு கேப்பேன். இல்லன்னா டெஸ்டர மறந்துட்டு அத வாங்குங்க. ஏன்னா க்ரோனோ இருந்தா ரெகுலேட்டர கழட்டாமயே அது எங்க நிக்குதுன்னு பாதி கண்டுபிடிச்சுடலாம். 200 வரைக்கும் ஏத்திட்டு ஒரே பெல்லட்ல சுட்டுட்டே போங்க, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஸ்பீடையும் கன்னோட கேஜையும் எழுதிட்டே வாங்க. 790 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன அடி) பக்கத்துலயே சுத்திட்டு இருந்தது ஒரு எடத்துல எறங்க ஆரம்பிக்கும், அப்ப கேஜ்ல 110 காட்டுதுன்னா உங்க ரெகுலேட்டர் அந்த எடத்துலதான் நிக்குது. சில கன்ல எறங்கறதுக்கு முன்னாடி ஸ்பீடு கொஞ்சம் ஏறும், அத பாத்து சந்தோஷப்படாதீங்க, அந்த ப்ரஷருக்கு வால்வ முழுசா தட்டித் தொறக்க ஹாமருக்கு பலம் பத்தலன்னு அர்த்தம், ப்ரஷர் கொறஞ்சதும் வால்வு ஈசியா தொறந்து ஸ்பீடு ஏறுது. ஒண்ணு ரெகுலேட்டர எறக்கணும் இல்ல ஹாமர் ஸ்பிரிங்க ஏத்தணும்.

பவர் கணக்குக்கு, க்ரெயின் கணக்குல பெல்லட்டோட வெயிட் பெருக்கல் ஸ்பீடோட ஸ்கொயர், அத 450240 ஆல வகுத்தா ஃபுட் பவுண்ட் வரும். 8.44 க்ரெயின் 790ல போனா கிட்டத்தட்ட 11.7. ஃபீல்ட் டார்கெட்ங்கற ஏர்கன் போட்டி இன்டர்நேஷனல் ரூல்ல ஆடறவங்களுக்கு 12 தான் லிமிட், அதனால 177ல 110 பாரே தாராளம், 150க்கு ஏத்தி காத்த வேஸ்ட் பண்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

அப்ப டெஸ்டர் எதுக்கு? க்ரீப்புக்கு. சீட் சரியா அடைக்காம காத்து மெதுவா கசிஞ்சு வால்வு பக்கத்து ப்ரஷர் ஏறிட்டே இருக்கறதுதான் க்ரீப். ராத்திரி கன்ன வச்சுட்டு காலைல எடுத்தா மொத ஷாட் மட்டும் எங்கயோ போகும், ரெண்டாவதுல இருந்து ஒழுங்கா போகும், இதுதான் அடையாளம். கன்ல இத புடிக்கறது கஷ்டம், பல கன்ல ரெகுலேட்டருக்கு அந்தப் பக்கம் கேஜே கெடையாது. டெஸ்டர்ல ரெகுலேட்டருக்கு அடுத்து இருக்கற எடம் ரொம்பச் சின்னது, அதனால அதே கசிவு கன்ன விட பல மடங்கு சீக்கிரமா முள்ளுல தெரியும். கன்ல ஒரு ராத்திரி ஆகறது இங்க ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள தெரிஞ்சுடும். இந்த ஒரு வேலைக்கே பிளாக்குக்கு ஃபுல் மார்க். மெஷினிங் சுத்தமா இருக்கு, ஓ-ரிங் (காத்து கசியாம அடைக்கற ரப்பர் வளையம்) உக்கார்ற எடத்துல பிசிறு இல்ல, ப்ளீட் ஸ்க்ரூ மெதுவா தொறக்குது.

ஏத்தும்போது அவசரப்படாதீங்க. வேகமா ஏத்தினா காத்து சூடாகி முள்ளு மேல போய் நிக்கும், ஆறினதும் எறங்கும், அத பாத்துட்டு லீக்னு கழட்டி வேலை இழுத்துக்கறவங்க உண்டு. கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க, எறங்கி ஒரு எடத்துல நின்னா நல்லது, நிக்காம ஏறிட்டே போனா க்ரீப், எறங்கிட்டே போனா வெளிப்பக்க ஓ-ரிங்ல கசிவு.

கேஜுக்கு வரேன். டயல்ல 40 மெகாபாஸ்கல், அதாவது 400 பார் வரைக்கும். கீழ பொடி எழுத்துல 2.5ன்னு போட்டிருக்கும், யாரும் படிக்கறது இல்ல. அது க்ளாஸ். ஃபுல் ஸ்கேல்ல 2.5 சதவீதம் தப்பு இருக்கலாம்னு அவனே ஒத்துக்கறான், 400ல 2.5 சதவீதம்னா 10 பார். முள்ளு 110 காட்டினா நெஜத்துல 100ம் இருக்கலாம் 120ம் இருக்கலாம். 5 பார் மாத்தறதுக்கு 10 பார் தப்புள்ள கேஜ வச்சுட்டு என்ன பண்றது சொல்லுங்க.

நான் வேலை பாக்கறது இன்ஸ்ட்ருமென்ட் ஒர்க்‌ஷாப்லங்கறதால நல்ல கேஜ் பக்கத்துல வச்சு ஒப்பிட முடிஞ்சுது, 110 பக்கத்துல ஏழு எட்டு பார் கூடக் காட்டுது. ஒரு விஷயம் கவனிங்க, ஒர்க்‌ஷாப்ல இருக்கற டெட் வெயிட் டெஸ்டர் (கேஜ் சரியான்னு பாக்கற மெஷின்) எண்ணெய்ல ஓடறதா இருந்தா ஏர்கன் கேஜ அதுல மாட்டவே கூடாது, கேஜ் குழாய்க்குள்ள எண்ணெய் தங்கிடும், அப்புறம் ஹை ப்ரஷர் காத்து பட்டா டீசல் இன்ஜின் மாதிரி பத்திக்கற வாய்ப்பு உண்டு. நைட்ரஜன்ல ஒப்பிடற செட்டப் இருந்தா மட்டும் பண்ணுங்க. ஒர்க்‌ஷாப் வசதி இல்லாதவங்களுக்கு டர்பன்ல ஒரு நல்ல வழி இருக்கு, டைவிங் கடை. டைவிங்குக்குப் பேர் போன கடல் பாறை அலிவால் ஷோல் பக்கத்துலயே இருக்கறதால உம்கோமாஸ் பக்கம் ஸ்கூபாக்காரங்களுக்குப் பஞ்சம் இல்ல. அவங்க ஃபில்லிங் பேனல்ல ஒழுங்கான கேஜ் இருக்கும், தன்மையா கேட்டா பக்கத்துல வச்சுப் பாத்துக்க விடுவாங்க. எவ்ளோ வித்தியாசம்னு டேப் ஒட்டி கேஜ் மேலயே எழுதி வச்சுடுங்க. முள்ளு தினமும் ஒரே அளவு தப்பா காட்டினா பரவால்ல, கழிச்சுக்கலாம். நாளுக்கு ஒண்ணு காட்டினாதான் தூக்கிப் போடணும். என்னோடது ஒரே மாதிரிதான் காட்டுது, அத மட்டும் பாராட்டலாம்.

நான் அப்புறம் கேஜ மாத்திட்டேன். ஜேக்கப்ஸ் பக்கம் ஹைட்ராலிக், இன்ஸ்ட்ருமென்ட் சாமான் விக்கற கடைங்க இருக்கு, அங்க 250 பார் கேஜ், க்ளாஸ் 1.6, புதுசா, எண்ணெய் படாததான்னு கேட்டு வாங்கலாம். 250ல 1.6 சதவீதம் 4 பார்தான், கத முடிஞ்சுது. ஆனா ரெகுலேட்டர் ஃபெயிலானா உள்ள போற மொத்த ப்ரஷரும் கேஜ் மேலதான் விழும், அதனால 250 கேஜ் போட்டுட்டு 180க்கு மேல ஏத்தாதீங்க. இந்த டெஸ்டர்ல பர்ஸ்ட் டிஸ்க் (ப்ரஷர் மீறினா உடைஞ்சு காத்த வெளிய விடற தகடு) எதுவும் இல்ல, கண்ணாடி போட்டுட்டு கேஜுக்கு நேரா மூஞ்சிய வைக்காம சைடுல நின்னு ஏத்துங்க.

முக்கியமான விஷயம் த்ரெட். சீனா பிளாக்ல இருக்கறது எம்10, பிட்ச் 1. இங்க கடைல கெடைக்கற சின்ன கேஜ் எல்லாம் 1/8 பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் பைப் த்ரெட். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், பிஎஸ்பி 9.7 மில்லி இது 10 மில்லி, ஒண்ணு ரெண்டு சுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகக்கூடச் செய்யும். டேப் சுத்தி இறுக்கிடலாம்னு யாராவது சொன்னா அந்த ஆள நம்பாதீங்க, அது 100 பார்ல துப்பாக்கிக் குண்டா மாறிடும். அடாப்டர் வாங்குங்க, பாண்டட் வாஷர் (ரப்பர் ஒட்டின மெட்டல் வாஷர்) போட்டு இறுக்குங்க.

அட்ஜஸ்ட் பண்றதப் பத்தி. காத்து இருக்கும்போது எதையும் கழட்டாதீங்க, டேங்க்லயும் வால்வு பக்கமும் ரெண்டு பக்கமும் காலியாகணும், டேங்க் கேஜ் ஜீரோ காட்டினா மட்டும் போதாது, ரெகுலேட்டருக்கு அந்தப் பக்கம் காத்து சிக்கி இருக்கும், நாலஞ்சு தடவ சும்மா சுட்டு காலி பண்ணுங்க. பழைய நிலைய மார்க்கர்ல கோடு போட்டு வச்சுட்டு சுத்துல எட்டுல ஒரு பங்குக்கு மேல திருப்பாதீங்க, சில மாடல்ல அதுக்கே பத்து பார் ஓடிடும். எந்தப் பக்கம் திருப்பினா ஏறும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், டெஸ்டர்ல போட்டா உடனே தெரிஞ்சுடும், அந்த வகைலயும் இது டைம் மிச்சம். திருப்பினதும் ஒரே ரீடிங்க நம்பாம பல தடவ ஏத்தி எறக்குங்க, வாஷர் எல்லாம் உக்கார டைம் வேணும். அப்புறம் கன்ல போட்டு ஹாமர் ஸ்பிரிங்க கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஸ்பீடு ஏறி ஏறி ஒரு கட்டத்துல நின்னுடும், அங்கிருந்து மூணு நாலு சதவீதம் ஸ்பீடு கொறையற வரைக்கும் பின்னால வந்து நிறுத்துங்க. காத்தும் மிச்சம், ஷாட்டும் சீரா வரும்.

காத்து எப்படி ஏத்தறதுன்னு கேப்பீங்க. கரண்ட் கட் அட்டவணை பாத்து கம்ப்ரஸர் ஓட்டின 2023 ஞாபகம் இருக்கறவங்க கை பம்ப கைவிட மாட்டாங்க. டெஸ்டர்ல எடம் சின்னதுங்கறதால கை பம்ப்லயே சட்டுனு ஏறிடும். டர்பன் காத்துல ஈரம் ஜாஸ்தி, பம்ப்ல ஈரம் உறிஞ்சற ஃபில்டர் இல்லாம ஏத்தினா தண்ணி ரெகுலேட்டருக்குள்ள போய் வாஷர் துரு புடிக்கும், க்ரீப்புக்கு அதுவும் ஒரு காரணம். ஜோஹன்னஸ்பர்க்ல லெனேசியா பக்கம் இருக்கற நம்ம தம்பி ஒருத்தர், ஈரம் இல்லன்னு பெருமையா சொன்னாரு, ஆனா 1,700 மீட்டர் உயரத்துல காத்து மெலிசு, ஒவ்வொரு அமுக்குக்கும் எங்கள விட கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு காத்து கம்மியாத்தான் போகும், அவரு கூடுதலா பம்ப் அடிச்சுக்கட்டும். முடிஞ்சவங்க டைவிங் கடைல சிலிண்டர் நிரப்பிக்கோங்க, ஃபில்டர் ஆன காஞ்ச காத்து, டெஸ்ட் தேதி தாண்டின சிலிண்டர மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க, நிரப்ப மாட்டாங்க.

கூட ஒரு பாக்கெட்ல ஸ்பேர் ஓ-ரிங் குடுத்திருந்தான். மெத்துனு இருக்கு, 70 ஷோராத்தான் (ரப்பரோட கெட்டித்தன்மை அளவு) இருக்கணும், ப்ரஷர் பக்கத்துக்கு நான் 90 போட்டுட்டேன். கிரீஸ் சிலிக்கான் மட்டும், துளியூண்டு, பெட்ரோலியம் கிரீஸ் எண்ணெய் எதுவும் வேணாம், காரணம் மேல சொன்ன அதே டீசல் கததான். ரெகுலேட்டர் பாடில ரெண்டு ஓ-ரிங்குக்கு நடுவுல ஒரு பொடி ஓட்ட இருக்கும், வெளிக்காத்தோட சேர்ற வழி, அதுல கிரீஸ் அடைச்சா செட்டிங் தாறுமாறா ஓடும். டெஸ்டர் பிளாக்லயும் அதுக்கு நேரா ஒரு ஓட்ட விட்டிருக்கான், வாங்கறதுக்கு முன்னாடி போட்டோல அந்த ஓட்ட இருக்கான்னு பாத்துட்டு ஆர்டர் போடுங்க.