ஐந்து வருஷமாக இடது பக்க சீட்டில்

சித்தி பையன் போன வாரம் போன் பண்ணினான். "அக்கா, சின்ன கார் எல்லாம் விலை இறங்கிடுச்சு. நீங்க வச்சிருக்கிற அதே மாடலைத்தான் பார்த்து வச்சிருக்கேன், எடுத்துடட்டுமா?" என்றான். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து எங்கள் சொந்தத்தில் அவன் மூன்றாவது ஆள். மற்ற இரண்டு பேருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். இவனிடம் சட்டென்று "எடுக்காதே" என்று சொல்லிவிட்டேன். பையன் திகைத்துப்போனான். போன பொங்கலுக்கு இதே காரைப் பற்றி அரை மணி நேரம் நான் பெருமை பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டவன் அவன்.

அவனிடம் போனில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு முழுக்க அங்கே போய்விடும். அதோடு நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயமும் இல்லை.

1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், அந்த மாடலிலேயே மேல் வேரியன்ட். 2021 பொங்கல் கழிந்து எடுத்தோம். 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே ரோடுதான்: தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் பக்கம் இருக்கும் இவருடைய ஊரான பூதப்பாண்டிக்கு. போக ஏறத்தாழ 700 கிலோமீட்டர், வர அதே 700. நானும் இவரும் மட்டும், வருஷத்துக்கு மூன்று தடவை, பதினான்கு பயணம் ஆகிவிட்டது. மெக்கானிக்கும் விமர்சகர்களும் சொல்வதெல்லாம் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதை. நான் சொல்வது இடது பக்க முன் சீட்டின் கதை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் விட்டுப்போகக் கூடாது. என்ஜின் தங்கம். 90-ல் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 19 வரும். தாம்பரத்தில் டேங்க் ரொப்பினால் விருதுநகர் வரைக்கும் பங்க் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. ஏசி, பாடாலூர் பக்கம் சித்திரை மாத மதிய வெயிலில்கூட இரண்டாம் நம்பரிலேயே குளிரும். திரும்பி வரும்போது அத்தை கட்டிக் கொடுக்கும் இருபது தேங்காய், ஒரு மட்டிப்பழக் குலை, ஒரு மூட்டை அரிசி, இது போதாதென்று கோவில்பட்டியில் நாங்கள் வாங்கும் கடலைமிட்டாய், இத்தனையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் இருக்கும் வேகத்தடைகளில் அடி தட்டாமல் ஏறி இறங்கும். வழியில் நின்று போனது என்று ஒரு தடவைகூட இல்லை. ஆடிக் காற்றில் காவல்கிணறு தாண்டி முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது மட்டும் வண்டி லேசாக ஓரத்துக்குத் தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று லாரியையே ஆட்டும், அதற்குக் காரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது சீட்டுக்கு வருகிறேன்.

நான் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கம்மி. இது அதிசயமான உயரம் ஒன்றும் இல்லை. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமே 152 செ.மீ. பக்கம்தான், அதாவது ஐந்தடி. இந்தக் காரில் டிரைவர் சீட்டை உயர்த்த ஒரு கைப்பிடி உண்டு. இடது சீட்டுக்குக் கிடையாது. முன்னால் பின்னால் தள்ளலாம், சாய்க்கலாம், அவ்வளவுதான். பெல்ட் வருகிற தோள்பட்டைக் கொக்கியையும் ஏற்றி இறக்க வழி இல்லை. கொடுத்த காசுக்குத் தொடுதிரை இருக்கிறது, அலாய் வீல் இருக்கிறது, என் பக்கத்து வெயில் தடுப்புப் பலகையில் முகம் பார்க்கக் கண்ணாடிகூட இருக்கிறது. அந்தப் பலகையைப் பக்கவாட்டில் திருப்பினால் வெயில் என் கண்ணில்தான் அடிக்கும், பலகையின் நிழல் என் தலைக்கு மேலே விழும். தெற்கே போகும்போது காலை வெயில் இடது பக்கம். திரும்பி வரும்போது சாயங்கால வெயிலும் இடது பக்கம். திண்டிவனத்தில் சூரியன் ஏறியதிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறும் வரை துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

அதைவிட மோசம் பெல்ட். பெல்ட் தோளின் நடுவில், காறை எலும்பின் மேல் படிந்து வர வேண்டும். எனக்கு அது கழுத்தின் ஓரத்தில்தான் வரும். முதல் பயணத்தில் பன்னிரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டுப் பூதப்பாண்டியில் இறங்கியபோது இடது பக்கக் கழுத்தில் விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு. அத்தை வாசலிலேயே பிடித்துவிட்டார். "கழுத்துல என்ன மக்ளே, செவந்து கெடக்கு?" என்று உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவினார். மறுநாள் அவரையே அந்த சீட்டில் வைத்துச் சுசீந்திரம் கோயிலுக்குப் போனோம். அவரும் என் உயரம்தான். பாதி வழியில், "ரோடே தெரியல்லியே மக்ளே, எங்க போறோம்ணு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பின் சீட்டில் இருந்த எனக்கு அந்தக் கேள்வி மனசில் அப்படியே நின்றுவிட்டது.

முதல் சர்வீஸில் சொன்னேன். அங்கே இருந்தவர் நான் சொன்னதை எழுதிக்கூட வைக்கவில்லை. "மேடம், ஒரு குஷன் வாங்கிப் போட்டுக்கோங்க, எல்லாரும் அதான் பண்றாங்க" என்றார்.

வாங்கிப் போட்டேன். அடுத்த பயணத்தில் உளுந்தூர்பேட்டை தாண்டி வேப்பூருக்கு முன்னால், எதிர்த் திசையில் ஒருவர் மொபெட்டில் புல்லுக்கட்டோடு எங்கள் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார். இவர் அழுத்திப் பிடித்தார் பிரேக். வண்டி நின்றுவிட்டது, அவர் மேல் படவில்லை. ஆனால் குஷன் என்னையும் இழுத்துக்கொண்டு முன்னால் வழுக்கியது. இடுப்பு எலும்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிட்டது, மேல் பட்டை கழுத்தில் இறுக்கியது. ஓரம் கட்டிய பிறகும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. நிஜமாகவே மோதியிருந்தால் அந்தப் பெல்ட் என் குடலைத்தான் நசுக்கியிருக்கும். இதைப் படிக்கிற யாராவது அப்படி வழுக்குகிற குஷன் போட்டு உட்கார்கிறவர்களாக இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பெல்ட்டைக் கைக்கு அடியில் விட்டுக்கொள்வதும் அதே ஆபத்துதான்.

2022 ஆடியில் நடந்ததைச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. சமயபுரம் டோல் தாண்டியதும் இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எனக்கு லைசென்ஸ் உண்டு, வேளச்சேரிக்கும் மேடவாக்கத்துக்கும் ஓட்டியிருக்கிறேன், நெடுஞ்சாலையில் தொட்டதில்லை. வேறு வழியில்லாமல் மாறி உட்கார்ந்தேன். கைப்பிடியைப் பிடித்து மேலே மேலே இழுக்க இழுக்க, சீட் என்னைத் தூக்கிக்கொண்டே போனது. பானெட் தெரிந்தது. ரோடு தெரிந்தது. இடது லேனில் மெதுவாகக் கொள்ளிடம் பாலத்தில் ஏறினேன்.

ஒவ்வொரு தடவையும் இந்தப் பாலம் வந்ததும் இவர் குழந்தை மாதிரி, "தண்ணி போகுது பாரு!" என்பார். நான் "ம்" என்பேன். நான் பார்த்ததெல்லாம் பாலத்துக் கைப்பிடிச் சுவர்தான். அது ஒரு சாம்பல் கோடாக ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு மேலே வானம். அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் விட்டிருந்தார்கள். கரை முதல் கரை வரைக்கும் செம்மண் நிறத்தில் தண்ணீர், நடுவில் மரக்கிளைகள் சுழன்றுகொண்டு போகின்றன, வலது பக்கம் தூரத்தில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அடுத்தது காவிரி, அதிலும் தண்ணீர். "தண்ணி போகுது பாருங்க" என்று நான் சொன்னேன். இவர் அப்போது என் சீட்டில் இருந்தார். ஆறடி ஆள், எங்கே உட்கார்ந்தாலும் தெரியும். அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. "அப்போ இத்தனை நாளா உனக்கு இது தெரியவே தெரியாதா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஓட்டிக்கொண்டிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

அன்று மதுரை ரிங் ரோடு வரைக்கும் நானே ஓட்டினேன். விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் எல்லாம் அதுவரை எனக்குப் பெயர்ப்பலகைகள்தான், அன்றுதான் ஊராகப் பார்த்தேன். அப்போதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: சமயபுரத்திலிருந்து மதுரை வரை ஸ்டியரிங் என்னுடையது. இந்தக் கார் எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் இதுதான், மனதாரச் சொல்கிறேன். கிளட்ச் பஞ்சு மாதிரி, கியர் வெண்ணெய் மாதிரி விழும், புதிதாக நெடுஞ்சாலைக்கு வருகிறவர்களைப் பயமுறுத்தாத வண்டி.

ஆனால் மீதி 550 கிலோமீட்டர் நான் அந்தக் குழிக்குள்தானே இருந்தாக வேண்டும்?

2025 ஆகஸ்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஃபாஸ்டேக் வருஷ பாஸ் ஆகஸ்ட் 15-லிருந்து வந்ததே, அப்போது 3,000 ரூபாய்க்கு ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அது. எங்கள் வழியில் பத்துக்கு மேல் டோல். மிச்சமாகிற பணத்தை இந்த சீட்டில் போடுவோம் என்றார் இவர். தெரிந்த மெக்கானிக், சீட் போல்ட்டுக்கு அடியில் இரும்புத் துண்டு கொடுத்துத் தூக்கிவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விபத்தில் சீட்டைப் பிடித்து நிறுத்துவதே அந்த போல்ட்தான், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. கடைசியில் ஒரு சீட் கவர் கடையில், உறையைப் பிரித்து, உள்ளே இருக்கிற மெத்தைக்கு மேல் கெட்டியான ஃபோம் ஒட்டி, மறுபடி இழுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். தனிக் குஷன் மாதிரி இது வழுக்காது. கூலியோடு 3,800 ரூபாய்.

எடுத்து வந்த அன்றே அடுத்த தொல்லை. சீட்டில் ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்க மெத்தைக்குள் ஒரு சென்சார் இருக்கும். 2019 ஜூலையிலிருந்து இரண்டு முன் சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம், அதற்காக வைத்தது. தைக்கும்போது அது இடம் மாறி, ஆள் இல்லாத சீட்டுக்கே 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. திரும்பக் கொண்டுபோய்ப் பிரித்துச் சரி செய்ய இரண்டு நாள். கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார், கூடுதல் காசும் வாங்கவில்லை.

தீபாவளிக்குப் போனபோது பெல்ட் முதல் தடவையாகத் தோளில் உட்கார்ந்தது. கழுத்தில் கோடு இல்லை. பாலத்தில் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு கோடு தண்ணீர் தெரிந்தது. கால் மட்டும் இப்போது தரையில் முழுசாகப் படியவில்லை, தொடைக்கு அடியில் அழுத்துகிறது. அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, கடையில் கொடுத்துத் தைத்து, பாதி அளவுக்குத்தான் சரி செய்ய முடிந்திருக்கிறது. தொழிற்சாலையிலேயே டிரைவர் பக்கம் வைத்த அதே கைப்பிடியை இந்தப் பக்கமும் வைத்திருந்தால் இவ்வளவும் இல்லை. காரை வடிவமைத்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் குறையவில்லை. அந்த சீட்டில் அம்மா உட்காருவார், மனைவி உட்காருவார், மாமியார் உட்காருவார் என்று தெரிந்தேதானே செய்கிறார்கள்?

சித்தி பையனுக்கு நேற்று மறுபடி போன் பண்ணினேன். "எடுக்காதேன்னு சொன்னது சொன்னதுதான். ஆனா கடைசி முடிவு என்னோடது இல்ல, சித்தியோடது. ஷோரூமுக்குச் சித்தியைக் கூட்டிட்டுப் போ. இடது சீட்டில் உட்கார வச்சு, பெல்ட் போடச் சொல்லு. பட்டை எங்க விழுதுன்னு பாரு. கழுத்துல விழுந்தா, ஐயாயிரமோ ஐம்பதாயிரமோ, எவ்வளவு குறைஞ்சாலும் அந்தக் கார் வேண்டாம்" என்றேன்.

"அப்போ நீங்க வித்துடுவீங்களாக்கா?" என்று கேட்டான்.

விற்க மாட்டோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், இந்தத் தடவை தாம்பரத்திலிருந்தே நான் எடுக்கிறேன்.