ஈரோடு, திருப்பூரில் ஆண்களுக்குத் துணி எடுக்கப் போனால்

ஊருக்குப் போகும்போது சேலை எங்கே எடுக்கலாம் என்று கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள், எந்தக் கடை, எந்த மாடி, யாரைப் பார்க்கவேண்டும் என்பது வரைக்கும். ஆண்களுக்கு நல்ல சட்டையும் பேன்ட்டும் நியாயமான விலையில் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பெரிய கடை ஒன்றின் பேரைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். டொராண்டோவிலிருந்து ஈரோட்டுக்குப் போயிருந்த விடுமுறையில் இதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு அலைந்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டைக்கும் பேன்ட்டுக்கும் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுங்கள், அதுவும் ஊர் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே கொடுங்கள். பனியன், டி-ஷர்ட், ட்ராக் பேன்ட் எல்லாம் திருப்பூரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல மாடி ஜவுளிக்கடை ஒன்றில் ஆண்கள் பிரிவில் நெடுநேரம் இருந்தேன். சட்டைகள் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் காட்டன் என்று சொல்லி எடுத்துப் போட்டதில் பாதி, உள்பக்கத் துண்டுச்சீட்டைப் பார்த்தால் பாலியெஸ்டர் கலந்தது. வாங்கிய பொருளை மாற்றிக்கொள்ளலாம், பணம் திரும்பத் தரமாட்டார்கள். மாற்றுவதற்கும் நாள் கணக்கு இருக்கிறது, அதற்குள் நாம் ராமேஸ்வரத்திலோ சொந்தக்காரர் கல்யாணத்திலோ இருப்போம். வேலை பார்க்கும் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அலுக்காமல் எடுத்துக் காட்டினார்கள். கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. நான் போன தளத்தில் ஓரமாக ஸ்டூல்கள் கிடந்தன, ஒருத்தரும் உட்காரவில்லை. கூட்டம் இல்லாத மதிய நேரத்திலும் நின்றபடியே இருந்தார்கள், பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஈரோட்டில் துணி என்றால் முதலில் சொல்வது கனி மார்க்கெட். பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் இருக்கிறது. வாரச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் நடக்கும், கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள். அந்த நேரத்தில் அங்கே நம்மைப் போல இரண்டு சட்டைத் துணி கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது, அதில் தப்பும் இல்லை. மொத்தமாக லுங்கி, துண்டு, உள்ளாடை எடுத்து ஊரில் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நினைத்தால் செவ்வாய் போங்கள். சட்டைத் துணி நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறொரு நாள் காலையில், மணிக்கூண்டு, ஈஸ்வரன் கோவில் வீதிப் பக்கம் துணியை மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடைகளுக்குப் போங்கள்.

அங்கே கேட்க வேண்டியது மூன்று விஷயம். ஒன்று, துணியின் அகலம். 58 அங்குலம் என்றால் சாதாரண உடம்புக்கு முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் போதும், 36 அங்குலம் என்றால் இரண்டேகால் மீட்டருக்கு மேல் வேண்டும். அகலம் கேட்காமல் மீட்டர் விலையை மட்டும் வைத்து மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாவது, நூல் என்ன கவுண்ட் என்பது. 40, 60, 80, 100 என்று சொல்வார்கள், எண் கூடக்கூட நூல் மெல்லிசாகும், துணி வழுவழுப்பாகும், விலையும் ஏறும். ஆபீஸ் சட்டைக்கு 60 நன்றாக இருக்கிறது, அடிக்கடி வாஷிங் மெஷினில் போடும் சட்டைக்கு 40 தாங்கும். மூன்றாவது, சுத்தக் காட்டனா என்பது. நான் கேட்டவுடனே கடைக்காரர் துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் என்றால் உருகிக் கெட்டியாக ஒரு மணி போல நிற்கும். நான் எடுத்தது மீட்டர் 300 ரூபாய்த் துணி, வெள்ளை, இளநீலம், சின்னக் கட்டம் என்று சிலது.

வீட்டுக்கு வந்ததும் துணியை ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் காயவைத்துத் தேய்த்துவிட்டுத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும். சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். கனடாவில் நாம் துணி காயவைக்கும் ட்ரையர் சூட்டுக்கு, ஊறவைக்காமல் தைத்த காட்டன் சட்டை கை ஏறி, கழுத்துப் பட்டன் போட முடியாமல் போய்விடும்.

தையல்காரர் விஷயம்தான் இதில் முக்கியம். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் தைத்த கடை இப்போது இல்லை, மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தெருவில் விசாரித்ததில் ஒருவரைச் சொன்னார்கள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், சின்னக் கடை, அவரே வெட்டுவார், தைக்க இரண்டு பேர், காஜா, அதாவது பட்டன் துளை, எடுக்க வெளியே கொடுப்பார். நான் நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றை அளவுக்காகக் கொண்டு போயிருந்தேன். அதை வாங்கி மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"அளவுச் சட்டை இருக்கட்டுங்க தம்பி. நீங்க நில்லுங்க, ஒடம்புல எடுத்தாத்தான் எனக்குத் திருப்தி" என்றார்.

வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பதை அவர்தான் சொன்னார். "கம்ப்யூட்டர் வேலைங்களா?" என்று கேட்டுவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். கழுத்துக்கு இரண்டு விரல் விட்டு அளவெடுத்தார், கையை மடக்கச் சொல்லி நீளம் பார்த்தார், உட்காரச் சொல்லி வயிற்றுப் பக்கம் இன்னொரு முறை நாடா வைத்தார். கனடாவில் கடையில் வாங்கும் சட்டை எனக்குக் கழுத்து சரியாக இருந்தால் கை நீளம், கை சரியாக இருந்தால் தோள் இறுக்கம், எத்தனையோ வருஷமாக அதுதான் சட்டை என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தைக்கக் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு சட்டை, ஒரு பேன்ட். போட்டுப் பார்த்து, அதில் சொல்ல வேண்டியதைச் சொல்லி, அப்புறம் மற்றதை வெட்டச் சொல்லுங்கள். அதற்காகத்தான் முதல் வாரத்திலேயே கொடுங்கள் என்கிறேன், விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் கொடுத்துவிட்டு அவரை விரட்டுவது அவருக்கும் நல்லதில்லை நமக்கும் நல்லதில்லை. பேன்ட்டுக்கு இடுப்புப் பின்பக்கத்திலும் காலடியிலும் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பின்னால் உடம்பு போட்டாலும் பிரித்துக்கொள்ளலாம். காலர் விறைப்பாக நிற்க உள்ளே என்ன கேன்வாஸ் வைக்கிறார் என்று கேளுங்கள், மலிவான ஒட்டுக் கேன்வாஸ் சில சலவையில் கொப்புளம் விட்டுவிடும். பட்டன்கள் கூடுதலாக இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

தையல் கூலி சட்டைக்கு 400, பேன்ட்டுக்கு 550 ஆனது. துணி 480, கூலி 400, ஆக ஒரு முழுக்கைக் காட்டன் சட்டை 880 ரூபாய், நம் காசுக்கு 14 டாலர் போல. ஒன்டாரியோவில் சட்டை விலைக்கு மேல் 13 சதவீத வரி வேறு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் கூலியில் பேரம் பேசுகிறவர்களை நான் பார்த்தேன், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு சட்டைக்குப் பட்டி, காலர், கஃப், பாக்கெட், காஜா என்று எத்தனை கை வேலை இருக்கிறது என்று கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். அந்த 50 ரூபாயில் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அவருக்கு ஆகும்.

திருப்பூர் ஈரோட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காதர்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சந்துக்குச் சந்து பனியன் கடை. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும்போது வீணாகும் என்று கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார்கள், அதில் மிச்சமானதும், சின்னக் குறையால் வேண்டாமென்று ஒதுக்கியதும் இங்கே வரும். ஆகவே ஒரே குவியலில் அருமையான உருப்படியும் இருக்கும், கழுத்து கோணிய உருப்படியும் இருக்கும். பெரிய வெளிநாட்டு லேபிள் ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அந்த லேபிளைத் தனியாக அச்சடித்து ஒட்டுவது கஷ்டமான காரியமே இல்லை. துணியைப் பாருங்கள். ஜி.எஸ்.எம். என்று கேட்டால் கடைக்காரர்கள் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 140, 160 என்றால் ஊர் வெயிலுக்கு, 180 என்றால் தனியாகப் போட ஏற்றது, 200-க்கு மேல் என்றால் நம் குளிருக்கு உள்ளே போடலாம். பயோவாஷ் செய்ததா என்று கேளுங்கள், செய்தது என்றால் மேலே பிசிறு குறைவு, சீக்கிரம் உருண்டை கட்டாது. அப்புறம் டி-ஷர்ட்டை நடுவில் மடித்து இரண்டு பக்கத் தையலும் நேராக வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். கோணலாக இருந்தால் இரண்டு சலவையில் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிடும். தோள்பட்டையில் உள்ளே ஒரு நாடா வைத்துத் தைத்திருந்தால் தொங்காது. போட்டுப் பார்க்க அறையெல்லாம் பெரும்பாலான சின்னக் கடைகளில் கிடையாது, அதனால் அளவுக்கு ஒரு டி-ஷர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

வேட்டிக்கு நான் கோ-ஆப்டெக்ஸ் போனேன். 1935-லிருந்து இருக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், கைத்தறி என்று சொன்னால் அது கைத்தறிதான் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. நாலு முழம், எட்டு முழம் இரண்டும் எடுத்தேன். வேட்டி கட்டிப் பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு ஒட்டிக்கோ கட்டிக்கோ வகை வெளியே நிறையக் கிடைக்கிறது, அதையே வாங்கிக் கொடுங்கள், வேட்டி கட்டினால் சரி.

பணம் கொடுப்பதில், தள்ளுவண்டி வரைக்கும் யுபிஐதான். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால் கனடா கைபேசி எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023-ல் வழி வந்துவிட்டது, ஆனால் உங்கள் வங்கியும் செயலியும் அதை ஏற்கின்றனவா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். வரியைப் பொறுத்தவரை, ரெடிமேட் உருப்படி 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் அப்படித்தான். துணியாக எடுத்தால் விலை எதுவானாலும் 5 தான், விலை உயர்ந்த சட்டை போடுகிறவர்களுக்குத் தைத்துக்கொள்வதில் இது இன்னொரு லாபம்.

நேரம் பார்த்துப் போவதும் முக்கியம். நம் பிள்ளைகளின் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை ஊரில் ஆடி மாதத்தோடு சேர்ந்து வரும். கடைகளில் தள்ளுபடிக் கூட்டம் இருந்தாலும் கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் தையல் கடைகளில் அவசரம் குறைவு, நிதானமாகத் தைத்துக் கொடுப்பார்கள். தீபாவளிக்கு முன்னால் போனால் பல கடைகளில் புது ஆர்டரே எடுக்கமாட்டார்கள். குளிர்கால ஜாக்கெட், கம்பளி கோட் இதெல்லாம் ஊரில் எடுக்காதீர்கள், நம் குளிருக்கு ஆகாது. திரும்பும்போது சுங்கத்தில், 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த கனடாவாசிக்கு 800 டாலர் வரைக்கும் வரி இல்லை, கூலி ரசீதையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் அளவு அந்தத் தையல்காரர் நோட்டில் இருக்கிறது, தை மாதம் ஊருக்குப் போகும் மச்சானிடம் இன்னும் நாலு சட்டைக்குச் சொல்லியிருக்கிறேன்.