ஒரு தட்டுக்கு ஒரே டேக்: சின்ன ரெக்கார்டருடன் மூன்று வருடம்

"அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே ரெக்கார்டர் இப்ப ரெண்டாயிரம் ரூபா கம்மியா வருது. வாங்கிடவா?" என்று தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். அவரும் என்னைப் போலப் பழைய கிராமபோன் பெட்டியை ஓடவிட்டு வீடியோ எடுத்துப் போடுகிறவர். பாட்டை ஒலிப்பதிவு செய்யும் என் கையடக்க ரெக்கார்டரை ரிப்பேரிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கே அவர் கேட்டதால், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கே தெரியவில்லை. உடனே பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது தாத்தாவின் எச்.எம்.வி. 102 கிராமபோன். 1931-இல் அறிமுகமான மாடல், சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகலாம். இதில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழல் கிடையாது. குழல் பெட்டிக்குள்ளேயே வளைந்து போய்ப் பின்பக்கம் திறக்கிறது. அங்கிருந்து வரும் பாட்டு, திறந்து வைத்த மூடியில் பட்டு நம் பக்கம் திரும்புகிறது. இது புரியாமல் நான் இரண்டு மாதத்தை வீணாக்கினேன். ஊசிக்கு நேர் மேலே மைக்கை வைத்தால் தெளிவாக வரும் என்று நினைத்தேன். வந்தது முழுக்க ஊசியின் கரகரப்புதான். இசைத்தட்டை ஊசி உரசும் ஓசை, ஊசியைப் பிடித்திருக்கும் சவுண்ட் பாக்ஸிலிருந்து நேரடியாகவும் வெளியே வருகிறது. பாட்டோ மூடி வழியாக வருகிறது. ரெக்கார்டரை மூன்றடி முன்னால் தள்ளி, மூடியின் உயரத்துக்கு நிறுத்திய அன்றைக்குத்தான் குரல் முன்னுக்கு வந்தது, கரகரப்பு பின்னால் போய் உட்கார்ந்தது. பின்சுவரில் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தி வைத்தேன், அறையின் எதிரொலியும் அடங்கியது.

போனிலேயே பதிவு செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: நான் ஒரு வருடம் அதைத்தான் செய்தேன். போன் தானாகவே ஒலியைக் கூட்டும், குறைக்கும். பாடகி மேல் ஸ்தாயிக்குப் போனால் அமுக்கும், மூச்சு வாங்கும் இடத்தில் தூக்கும். அந்த இடைவெளியில் கரகரப்பு மழை மாதிரிக் கொட்டும். அதோடு பின்னணி இரைச்சலை நீக்குகிறேன் என்று, விடாமல் ஒலிக்கும் ஆர்மோனியத்தையும் சேர்த்து விழுங்கும். நாடக மேடைப் பாட்டில் ஆர்மோனியம் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

அந்த வகையில் இந்த ரெக்கார்டர் தங்கம். இரண்டு மைக் குறுக்காகப் பார்க்கும் கையடக்கக் கருவி, இரண்டு பென்சில் பேட்டரி, 24 பிட் பதிவு. விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். அடி ஒலியை வெட்டும் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். இந்தப் பெட்டியிலிருந்து அவ்வளவு கீழே பாட்டு எதுவும் பெரிதாக வருவதில்லை, ஸ்பிரிங் மோட்டாரின் உறுமல் மட்டும்தான் வரும். படம் போனில், ஒலி இதில். இரண்டையும் பொருத்துவதற்குக் கைகூடத் தட்ட வேண்டாம். ஊசி தட்டில் இறங்கும் 'டப்' படத்திலும் தெரிகிறது, ஒலியிலும் கேட்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். மின்விசிறி நின்று, ஃபிரிட்ஜ் நின்று, பக்கத்து வீட்டு மோட்டாரும் நின்றிருக்கும். தாத்தாவின் பெட்டிக்குச் சாவி கொடுத்தால் போதும், ரெக்கார்டருக்குப் பேட்டரி போதும். அந்த மூன்று மணி நேரத்தில் எடுத்த பதிவுகளை இன்றைக்கும் ஹெட்போனில் கேட்கிறேன். சரணத்தைத் தொடங்கும் முன் பாடகி கே.பி. சுந்தராம்பாள் மூச்சு இழுப்பது கேட்கிறது. போனில் எடுத்த வீடியோக்களில் அந்த மூச்சு ஒருமுறைகூட வந்ததில்லை.

அப்புறம் ஏன் கோபம் என்றால், அந்த டயல்.

ஒலி அளவை வைக்கப் பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. வாங்கி ஒரு வருடத்தில் அது தளர்ந்துவிட்டது. ஸ்டாண்டில் மாட்டும்போது விரல் பட்டாலே நகரும். இரண்டாவது வருடம் தொடாமலே குதிக்க ஆரம்பித்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு ஒரே தாவலாக மேலே போகும்.

வேறு வேலைக்கு இது சின்னக் குறையாக இருக்கலாம். பேட்டி எடுப்பவர் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு அது முடியாது. இந்தத் தட்டு அரக்கால் ஆனது. அதில் கல் பொடி கலந்திருக்கும், முதல் சில சுற்றிலேயே இரும்பு ஊசியின் முனையைத் தேய்த்துக் கோட்டுக்குப் பொருந்த வைப்பதற்காக. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, அதோடு அதை எறிந்துவிட வேண்டும். சவுண்ட் பாக்ஸோ நூறு கிராமுக்கு மேல் கனத்தை அந்த முனையில் வைக்கிறது. ஊசி தேய்கிறது, கூடவே தட்டும் தேய்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் குரல் தூளாகப் போகிறது. பாட்டு முடிந்ததும் ஊசி முனையிலும் தட்டின் மேலும் ஒட்டியிருக்கும் கருஞ்சாம்பல் நிறப் பொடியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்னொரு டேக் எடுத்தால் அந்தப் பொடி இன்னொரு முறை விழும்.

போன ஆவணியில் உறவினர் வீட்டிலிருந்து ஒரு சுந்தராம்பாள் தட்டு ஒரே நாளுக்கு இரவலாகக் கிடைத்தது. முப்பதுகளின் தட்டு, விளிம்பில் சின்ன விரிசல். மைக் வைத்துப் பதிவான காலத்துத் தட்டு என்பதால் ஒலி பலமாக இருக்கும் என்று தெரியும். அதே காலத்து வேறொரு உதவாத தட்டை ஓட்டி அளவை வைத்தேன், ஒலி திடீரென்று கூடினாலும் உடையாமலிருக்க உச்சத்துக்கும் மேலே 12 டெசிபல் இடமும் விட்டேன். புது ஊசி, முழுச் சாவி. அனுபல்லவி வரை அற்புதமாக வந்தது. சரணத்தில் டயல் குதித்தது. அதன்பின் பதிவானது முழுக்க உடைந்த ஒலி. உச்சத்தில் வெட்டுப்பட்ட ஒலியைப் பழையபடி கொண்டுவர எந்த மென்பொருளாலும் ஆகாது. திரும்ப ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. விரிசல் ஊசியைத் தாங்குமோ என்ற பயம், அது எங்கள் வீட்டுத் தட்டும் இல்லை. பாதிப் பாட்டோடு தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் திறந்து காட்டினார்கள். சக்கரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கரித் தடம், அது தேய்ந்து போயிருந்தது. முதல் தடவை ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்தார்கள், இரண்டு மாதம் ஓடியது. இந்தத் தடவை பாகத்தையே மாற்றிவிட்டார்கள். எழுநூறு ரூபாய், நியாயமான கூலிதான். புதுசு இப்போது நன்றாக நிற்கிறது. ஆனால் அதுவும் அதே மாதிரிச் சக்கரம்தானே.

நியாயமாகச் சொன்னால், இந்த விலையில் இவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்யும் கருவியை நான் பார்த்ததில்லை. கூட்டாமல் குறைக்காமல் பெட்டியில் வருவதை அப்படியே தருகிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை நான் தொடுவதே இல்லை. அதைப் போட்டால் 'ச', 'த' எல்லாம் மழுங்கி, தமிழ் உச்சரிப்புக்காகவே கொண்டாடப்பட்ட ஒரு குரல் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிடுகிறது. கரகரப்போடு கேட்கட்டும்.

ஆனாலும் தம்பி, வாங்காதீர்கள். இரண்டாயிரம் இல்லை, ஐயாயிரம் குறைந்தாலும் வேண்டாம். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, அளவு வைக்கவே தேவையில்லாத 32 பிட் ஃபுளோட் ரெக்கார்டராகப் பாருங்கள். இல்லையென்றால் அளவைப் பட்டனில் எண்ணாக வைக்கிற மாடலாவது எடுங்கள்.

என்னுடையதை நான் விற்கப் போவதில்லை. சக்கரத்தின் மேல் துணி டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் எஸ்.ஜி. கிட்டப்பா தட்டை எடுத்துக்கொண்டு எட்டரைக்கே வந்துவிடுங்கள், புது ஊசி நான் வைத்திருக்கிறேன்.