‘கேஷ்’ என்ற ஒரு சொல்லும் ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதியும்: ஒரு மதிப்பீடு

கொழும்பின் வங்கிகளில் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றும் தமிழில் ‘காசாளர்’ என்றும் எழுதியிருப்பதைக் காணும் நம்மவர் பலர், ஆங்கிலேயரின் ‘கேஷ்’ நமது காசிலிருந்தே பிறந்தது என்று உறுதியாகச் சொல்வதுண்டு. அந்தக் கூற்றைச் சோதித்தறிய விரும்புவோர் முதலில் புரட்ட வேண்டிய அகராதி, ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் லண்டனில் வெளிவந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ என்பது என் கருத்து. கீழைத்தேயங்களில் ஆங்கிலேயர் வாயில் புகுந்த சொற்களை மட்டுமே ஆராயும் இந்நூலை வில்லியம் குரூக் விரிவாக்கி 1903இல் மறுபதிப்பாக்கினார். அந்தப் பதிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் தனது தெற்காசிய அகராதித் தொகுப்பில் இலவசமாக இணையத்தில் வைத்திருப்பதால், கொழும்பு வாசகர் பழைய பிரதியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அகராதியின் பெருஞ்சிறப்பு மேற்கோள்கள். பொருளை வரையறுத்துவிட்டு நகராமல், அந்தச் சொல்லை எந்தப் பயணி எந்த ஆண்டில் எப்படி எழுதினார் என்பதைக் காலவரிசையில் அடுக்கிக் காட்டுகிறது. தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்து தென்னிந்திய எழுத்துகளை ஆராய்ந்த பர்னலின் புலமையால், கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் போன்ற நம் சொற்கள் உரிய மதிப்புடன் நடத்தப்படுகின்றன. நூல் அச்சாவதற்கு முன்பே, 1882இல், அவர் இறந்துபோனார்.

‘கேஷ்’ என்ற பதிவு அந்தப் புலமைக்கு நல்ல சான்று. ஐரோப்பியர் கீழை நாடுகளின் மிகச் சிறிய நாணயங்களுக்கு வழங்கிய பெயர் என்று தொடங்கும் அப்பதிவு, தமிழின் காசு என்ற வடிவிலிருந்து போர்த்துக்கேயர் ‘கைஷா’ என்று ஆக்கிக்கொண்டார்கள், அதிலிருந்து ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றார்கள் என்று வழியைக் காட்டுகிறது. சிங்களத்தில் ‘காசி’ என்பது நாணயத்தைக் குறிக்கும் பொதுச்சொல் என்பதையும் மறக்காமல் சேர்த்திருப்பது இலங்கை வாசகருக்கு மகிழ்ச்சி தரும். ஜாவாவின் சுந்தா பகுதியில் நடுவில் துளையிட்டு, இருநூறாகவோ ஆயிரமாகவோ கயிற்றில் கோத்துவைத்த செப்புக்காசைப் பற்றி டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் எழுதி, 1598இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்த குறிப்பும் அங்கே உண்டு. சீனத்துத் துளைக்காசை ஆங்கிலேயர் இன்றும் ‘கேஷ்’ என்பது இந்த வழியில் வந்ததே. சென்னையில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்ற கணக்கு 1818 வரை நடந்தது. அதற்காக 1803இல் இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயத்தில் உரோம எண்ணில் இருபது என்றும் அதன் பின் ‘கேஷ்’ என்றும் பொறித்திருந்ததை அகராதி குறிப்பிடுகிறது. (அத்தகைய நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது, அதிலிருந்து மீட்ட காசுகள் இன்றும் சேகரிப்போர் கைகளில் புழங்குகின்றன.)

ஆனால் நாம் கடையில் கொடுக்கும் ‘கேஷ்’ இதுவன்று. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், பெட்டி என்று பொருள்படும் ‘கப்சா’ என்ற இலத்தீன் சொல்லில் தொடங்கி, இத்தாலிய, பிரெஞ்சு வடிவங்களின் வழியே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தது. முதலில் அது பணப்பெட்டியையே குறித்தது. உள்ளிருந்த பணத்துக்கு அப்பெயர் பின்னரே நிலைத்தது. மருந்துக் குளிகையான ‘கப்சியூல்’, பாட்டுக் கேட்ட ‘கசட்’ ஆகியவையும் அதே பெட்டியின் பிள்ளைகள். போர்த்துக்கேயத்திலும் ‘கைஷா’ என்றால் பெட்டி. தம் மொழியில் முன்பே இருந்த ஒரு சொல்லின் உருவத்தைத்தான் அவர்கள் நமது காசுக்கும் கொடுத்தார்கள். அதனால் வெவ்வேறு பிறப்புடைய இரு சொற்கள் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. இராணுவ அதிகாரியைப் பதவிநீக்கம் செய்வதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல்லோ மூன்றாவது வழியில், செல்லாததாக்குதல் என்ற பொருளுடன், டச்சு மொழியினூடாக வந்தது.

மேற்கத்தியக் கிளையை விரித்துரைப்பது ‘ஹொப்சன்-ஜொப்சனின்’ வேலையன்று. அதை மட்டும் படித்து நிறுத்துபவர், தொடக்கத்தில் சொன்ன தவறான முடிவுக்கே மேலும் வலுவாகச் செல்லக்கூடும். ஆகவே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைப் பயன்படுத்த வேண்டும்.

எனக்குள்ள உண்மையான மனக்குறை வேறு. காசின் வேரைச் சமஸ்கிருதத்தின் ‘கர்ஷ’ என்ற எடைப் பெயரில் கொண்டுபோய் நிறுத்தும் ஆசிரியர்கள், தமிழ் நூல்களின் பக்கம் திரும்புவதில்லை. கிளி அலகில் பற்றிய வேப்பம்பழத்தை, பொற்கொல்லன் நகத்தில் பிடித்துப் புதுநூலில் கோக்கும் பொற்காசுக்கு ஒப்பிட்ட குறுந்தொகைப் பாடல் 1915இல்தான் அச்சேறியது என்பதால் அதை அவர்கள் அறியாதது குற்றமன்று. ஆனால் காசைப் பல இடங்களில் பேசும் இராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் 1891 முதல் அச்சில் வரத் தொடங்கியிருந்தன, குரூக்கின் 1903 பதிப்பிலாவது அவற்றைச் சேர்த்திருக்கலாம். வெண்பாவின் ஈற்றடி முடியும் வாய்பாடுகளில் ‘காசு’ ஒன்று என்பது எந்தத் தமிழ் மாணவரும் சொல்லியிருக்கக்கூடியது. ஐரோப்பியப் பயணிகளுக்கு இவ்வளவு இடம் தந்த நூல் தமிழ்ச் சான்றுக்கு இரண்டு வரியேனும் தந்திருக்கலாம்.

இக்குறையை அதே சிக்காகோ தொகுப்பிலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கன் பெரிதும் ஈடுசெய்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உயர்தர வகுப்பு ஆசிரியர்களுக்கும் இரண்டையும் சேர்த்தே பரிந்துரைக்கிறேன். மேற்கோள்களின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் மாணவரைத் திணறவைக்கும் என்பதால், அவர்கள் ஆசிரியரின் துணையுடன் படிப்பது நல்லது.