பழைய மர அலமாரிக்கு எது நல்லது: அரக்குப் பாலிஷா, பியூவா, பெயிண்டா?

அலமாரிக் கதவுகள் மங்கி, கைப்பிடியைச் சுற்றி மட்டும் கறுத்துப்போயிருந்தால் மரத்தை மாற்ற வேண்டியதில்லை, பூச்சை மாற்றினால் போதும். வீட்டிலேயே செய்ய மூன்று வழிகள் உண்டு: அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பாலிஷ், பியூ என்கிற பாலியூரித்தேன், பெயிண்ட். இதில் எதை எடுப்பது என்று யோசிக்கும் முன், ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்று பாருங்கள். கதவின் உள்பக்க மூலையில் பஞ்சால் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வைத்தால், சற்று நேரத்தில் பிசுபிசுவென்று இளகுவது அரக்கு. அதற்கு மசியாமல் லாக்கர் தின்னர் என்கிற கரைப்பானுக்கு இளகினால், அது லாக்கர் என்கிற வேறு வகைப் பளபளப்புப் பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பியூ அல்லது வார்னிஷ்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் ஒருமுறை பழைய பாலிஷ் மேலேயே பியூ அடித்துவிட்டேன். சில மாதங்களில் விளிம்பெல்லாம் தோல் உரிவது போல உரிந்து வந்தது. சாதாரண அரக்கில் மெழுகு கலந்திருக்கும், பியூ அதைப் பிடித்துக்கொள்ளாது. மெழுகு நீக்கிய அரக்கு என்றால் மேலே பியூ தாராளமாக நிற்கும்.

எனக்கு மனதுக்குப் பிடித்தது அரக்குதான். ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். மர ரேகைக்கு அது தரும் ஆழம் வேறு எதிலும் வருவதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், புதுப் பூச்சு பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுகிறது. அஞ்சு வருஷம் கழித்துக் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் ஒட்டுத் தெரியாமல் சரிசெய்யலாம். பியூவில் இது நடக்காது. ஒருமுறை இறுகிவிட்டால் புதுப் பூச்சு மேலே தனி ஏடாகத்தான் உட்காரும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும், பிறகு பழுது பார்க்க நினைத்தால் பெரும்பாலும் முழுக் கதவையும் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் சமையலறைக்கு அரக்கு வேண்டாம். சூடான பாத்திரம், நின்ற தண்ணீர், காரமான சோப்பு எல்லாமே அதைக் கெடுக்கும். மழைக்காலத்தில் பூசினால் ஈரம் சிக்கி வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அடுப்பு, தொட்டிப் பக்கத்துக் கதவுகளுக்குப் பியூதான் சரி. அதிலும் இரண்டு வகை. எண்ணெய் வகை கொஞ்சம் மஞ்சளிக்கும், வாசனையும் தூக்கலாக இருக்கும், ஆனால் மரத்துக்கு ஒரு கதகதப்பான நிறம் தரும். தண்ணீர் வகை நிறம் மாறாது, சீக்கிரம் காயும். முதல் பூச்சில் மர நார் எழும்பிச் சொரசொரப்பாகும், அதைத் தேய்த்துவிட்டால் சரி. எந்த வகையாக இருந்தாலும் டப்பாவைக் குலுக்காமல் மெதுவாகக் கலக்குங்கள், குலுக்கினால் குமிழ்கள் பூச்சிலேயே தங்கிவிடும்.

பெயிண்டை ரேகை நன்றாக இல்லாத மரத்துக்கும், பட்டி வைத்து அடைத்த கதவுகளுக்கும்தான் நான் சொல்வேன். எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல், வெளிச்சம் படாத உள்பக்கத்தில் நாளடைவில் மஞ்சளாகும். மரத்தின் கறையும் முடிச்சும் மேலே கசிந்து வராமல் இருக்க, அடியில் அரக்குப் பிரைமர் போடலாம்.

தேய்ப்பதில் அவசரம் வேண்டாம். 120, 180, 220 என்று படிப்படியாக, ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். கதவு வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டியது என்றால் மேலேயுள்ள மரம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் 180 நம்பருக்குக் கீழான சொரசொரப்புத் தாளைத் தொடாதீர்கள். பல பத்தாண்டுப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது.

ஆளிவிதை எண்ணெய் தேய்க்கும் முறையும் உண்டு, ஆனால் அலமாரிக்கு அது தரும் பாதுகாப்பு குறைவு. அப்படிச் செய்தால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

அப்புறம், பியூ அடித்த கதவு மறுநாளே தொட்டால் காய்ந்ததாகத்தான் தோன்றும். உள்ளே முழுசாக இறுக மூன்று, நாலு வாரம்கூட ஆகலாம். அதுவரை கதவை அழுத்தித் துடைக்காதீர்கள், ஈரத்துணியையும் அதன்மேல் தொங்கவிடாதீர்கள்.