நாய்க்கு ஊசி போட்டவர் டாக்டரே இல்லை!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொல்லையில் முருங்கைப் பூவுக்கு வந்த தேனீயை எங்கள் மணி கவ்விவிட்டான். பத்து நிமிஷத்தில் மூஞ்சி உப்பி ஒரு கண் மூடிக்கொண்டது. அம்மா சுண்ணாம்போடு ஓடிவந்தார். தடவ விடவில்லை, நக்கினால் வாயெல்லாம் வெந்துவிடும்.

தெருமுனையில் நாய்த் தீனி விற்கும் கடையில் ‘கிளினிக்’ என்றும் ஒரு போர்டு உண்டு. வெள்ளை கோட், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். டாக்டர் என்றே நம்பினோம். வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் ஊசி போட்டார். என்ன மருந்து என்றால், "அலர்ஜி ஊசிதான் சார், சொன்னா உங்களுக்குப் புரியாது." அங்கேயே மணி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். "பயந்திருக்கு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். 1,800 ரூபாய். பில்லும் இல்லை, சீட்டும் இல்லை.

வாசலில் இறக்கியதும் கால் துவண்டு விழுந்தான். ரத்தமாகப் பேதி. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ரோஸாக இருக்கும் ஈறு வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தது. ஆட்டோவில் டவுனுக்கு ஓடினோம். அங்கிருந்த கால்நடை மருத்துவர் முதலில் கேட்டதே, "என்ன ஊசி போட்டாங்க?" எங்களிடம் பதில் இல்லை. அட்ரினலின் போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார். உள் உதட்டில் கொடுக்கு அப்படியே குத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கொடுக்கை முதல் நிமிஷத்திலேயே நகத்தால் வழித்து எடுத்திருந்தால் விஷம் குறைவாக இறங்கியிருக்கும். தேனீதான் கொடுக்கை விட்டுப்போகும். குளவி, கதண்டு விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். வீக்கத்துக்கு ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் போதும். நமக்கு வாங்கிய பாராசிட்டமால், இபுப்ரோஃபன், சளி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். கொட்டுப்பட்ட நாய் வாந்தி எடுத்தாலோ, தள்ளாடினாலோ, மூச்சுவிடத் திணறினாலோ அது பயமில்லை, உயிராபத்து. உடனே கிளம்புங்கள்.

விசாரித்ததில், அந்த ஆள் முன்பு ஒரு கிளினிக்கில் உதவியாளராம். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். போட்ட ஊசியின் பெயரை எழுதி வாங்குங்கள். மாநிலக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

மணி நேற்றுதான் தயிர்சாதம் தின்றான். அந்தக் கடையில் போர்டு இன்னும் தொங்குகிறது.