இறகு உதிரும் நாட்டுக்கோழிக்கு டானிக்: வாங்கத் தக்கதா?

கோழித்தீவனக் கடைகளில் இறகு உதிர்கிறது என்று சொன்னவுடன் எடுத்துத் தரப்படும் திரவ டானிக் ஒன்றைக் கடந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் கொல்லையில் திரியும் நாட்டுக்கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. டெல்டாக் கடைகளில் இவ்வகையில் கிடைக்கும் பாட்டில்கள் பலவற்றிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான் இருக்கிறது: வைட்டமின் ஏ, டி3, ஈ, பி தொகுதி, அவற்றுடன் மெத்தியோனின், லைசின் ஆகிய அமினோ அமிலங்கள். அரை லிட்டர் 320 ரூபாய். எல்லா வகை இறகு உதிர்வுக்கும் ஏற்றது என்று லேபிளில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ‘எல்லா வகை’ என்பதை மட்டும் வாங்குபவர் நம்பிவிடக் கூடாது.

ஓராண்டைக் கடந்த கோழி பொதுவாக ஆண்டுக்கொரு முறை பழைய இறகைக் கழித்துப் புதிது போடும். பகல் பொழுது குறைந்துவரும் ஐப்பசி, கார்த்திகையில் இது நம் பக்கம் மிகுதி; தலையிலும் கழுத்திலும் தொடங்கி உடல், இறக்கை, வால் என்று படிப்படியாக இறங்கி, முடிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை முட்டை நின்றுபோவது இயல்பே. இறகில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் புரதம். அதைக் கட்டுவதற்குக் கந்தகம் உள்ள மெத்தியோனினும் சிஸ்டினும் கட்டாயம் வேண்டும். நம் கொல்லைக் கோழிகளோ குருணையும் தவிடும் களத்தில் சிதறிய நெல்லும் தின்று வளர்பவை. முட்டைக்கோழித் தீவனத்தில் 16 விழுக்காடு அளவுக்குப் புரதம் இருக்க வேண்டும் என்பார்கள். குருணையில் அதில் பாதிதான் தேறும். எனவே இந்த நிலையில் டானிக் ஓரளவு பயன்படவே செய்கிறது. எங்கள் கோழிகளின் கழுத்தில், அடியில் நீலம் பாய்ந்த உறைக்குள் முள் இறகுகள் நெருக்கமாகக் கிளம்பின. ஆனால் அதே வாரங்களில் கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்து வைத்ததால், முழுப் பெருமையையும் பாட்டிலுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. சில சொட்டு டானிக்கில் உள்ள புரதச் சத்து, ஒரு பிடி புண்ணாக்கில் உள்ளதற்கு ஈடாகாது. மழையில் பூசணம் பிடித்த புண்ணாக்கை மட்டும் கோழிக்குக் காட்டவே கூடாது.

இந்த டானிக்கைக் குடிநீரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கொட்டகைக்குள் ஒரே குழாயை நம்பி வாழும் பண்ணைக் கோழிக்கு அது பொருந்தும். அடைமழை நாளில் வாசல், வாய்க்கால், வயல் வரப்பு எங்கும் தண்ணீர் நிற்கும் ஊரில், மஞ்சள் நிறத்தில் மணக்கும் தட்டுத் தண்ணீரை எந்தக் கோழி தேடி வரும்? எங்கள் கோழிகள் தட்டைத் திரும்பியும் பார்க்காமல் கிணற்றடிச் சேற்றில் அலகை வைத்தன. வெயிலில் வைத்தால் பி2 போன்ற வைட்டமின்கள் வீணாவது வேறு. பிறகு காலையில் திறந்துவிடும் முன் குருணையைப் பிசிறிக் கொடுத்ததில்தான் மருந்து வயிற்றுக்குள் போனது. லேபிளில் இப்படி ஒரு வழி சொல்லப்படவில்லை.

பேன், செள் ஆகியவற்றால் உதிரும் இறகுக்கு இந்த டானிக் ஒன்றும் செய்யாது. எச்சத்துளையைச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பார்த்தால், தண்டின் அடியில் வெள்ளை ஈர்கள் பசை போட்டு ஒட்டிய ரவை போலக் கொத்தாகப் படிந்திருக்கும். வைக்கோல் நிறப் பேன்கள் வெளிச்சம் பட்டவுடன் ஓடும். சிவப்புச் செள் இன்னும் கள்ளத்தனம் உள்ளது. பகலில் கூண்டின் மூங்கில் இடுக்கில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் என்பதால், இருட்டிய பின் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். காவிரி வண்டல் மழையில் களியாகிவிடுவதால் கோழிக்குப் புழுதிக் குளியலுக்கு இடமில்லாமல் போவதும் நம் பகுதியில் பேன் பெருக ஒரு காரணம். தாழ்வாரத்தில் நனையாத மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டிவைத்ததைக் கோழிகள் மகிழ்ச்சியோடு பயன்படுத்தின. பேன் மிகுந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து போட வேண்டும். ஈர்கள் பின்னால் பொரிக்கும் என்பதால் 7 முதல் 10 நாள் கழித்து மறுமுறையும் தேவைப்படும்.

சேவல் ஏறி முதுகு வெளுத்த பெட்டைக்கும், தானே நெஞ்சிறகைப் பிடுங்கிக்கொண்ட அடைக்கோழிக்கும் இந்தச் செலவே தேவையில்லை. முன்னதற்குச் சேவலைச் சில வாரங்கள் பிரித்து வைத்தால் போதும்.

வாங்குவதென்றால் 100 மில்லி பாட்டிலே கேளுங்கள். அளவை 100 கோழிக்கு 10 மில்லி என்று மட்டுமே போட்டிருக்கிறார்கள். எட்டுக் கோழி வைத்திருப்பவர் ஒரு மில்லிக்கும் குறைவாக எடுக்க வேண்டும். கூட வரும் மூடியில் ஐந்து மில்லிக்குக் கீழே கோடே இல்லை. எனவே ஊசியில்லாத ஒரு சிறிய சிரிஞ்சையும் மருந்துக் கடையில் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.